வி.ஆர். மாட்டிக்கொண்டு ரயில் ஓட்ட: கோலாலம்பூர் வீட்டு அறைக்குள் ஒரு டிரைவர் கேபின்

கணினியில் ரயில் ஓட்டும் கேமான ரயில் சிமுலேட்டருக்காக, கண்ணை மூடி முப்பரிமாண உலகத்தைக் காட்டும் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் வாங்க யோசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. ஹெட்செட்டில் லாபமெல்லாம் பக்கத்தில், நட்டமெல்லாம் தூரத்தில். பிரேக் லீவர் கைக்கு எவ்வளவு எட்டத்தில் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போகும் வேகனுக்கும் நிற்கும் வேகனுக்கும் நடுவே இன்னும் ஒரு முழமா இரண்டு முழமா, கேபினிலிருந்து இறங்கும் படி எத்தனை உயரம், இதெல்லாம் மாட்டிய மறுநொடியே தெரியும். எத்தனை பெரிய மானிட்டர் வைத்தாலும் அது வராது. ஆனால் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிக்னல் சிவப்பா மஞ்சளா என்று பார்க்கும் வேலையில் சாதாரண 4கே மானிட்டர் வீட்டு ஹெட்செட்டுகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் பார்வையின் ஒரு டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல் விழுகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள சிக்னல் விளக்கு 400 மீட்டர் தள்ளி நின்றால், அது கண்ணில் பிடிக்கும் கோணம் 0.03 டிகிரிகூட இல்லை. பிக்சல் கணக்கில் 0.7. ஒரு பிக்சல்கூட முழுதாகக் கிடைக்காத விளக்கு, தலை லேசாக அசைந்தாலே மினுக்கி மினுக்கி மறையும். அதே விளக்கு, 60 டிகிரி அகலப் பார்வை வைத்த 4கே மானிட்டரில் ஒன்றரைப் பிக்சலுக்கு மேல் வரும். போதாவிட்டால் ஜூம் செய்துகொள்ளலாம். வி.ஆரில் ஜூம் செய்தால் வயிற்றைப் பிரட்டும்.

இதோடு பிரேக் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயில், நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்பதற்குள் சுமார் 770 மீட்டர் ஓடிவிடும். 400 மீட்டரில் தெரியும் சிவப்பை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. நிஜ டிரைவரும் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை, தடத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் புதிதாக வாங்கிய கையோடு வேகமான எக்ஸ்பிரஸ் தடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு "வி.ஆர். மங்கலாக இருக்கிறது" என்று ஹெட்செட்டை விற்றுவிடுகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். ஷன்டிங் (யார்டில் வேகன்களைப் பிரித்துக் கோப்பது), சரக்கு வண்டி, நீராவி, டிராம், மணிக்கு 60 கி.மீ.க்குள் ஓடும் கிளைப் பாதை, இவைதான் ஹெட்செட்டுக்குத் தோதானவை.

எந்த கேமில் தொடங்குவது

வி.ஆருக்கென்றே கட்டியது என்று சொல்லத்தக்கது டீரெயில் வேலி. 2019 ஜனவரியில் முன்னோட்டப் பதிப்பாக ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வந்தது, சாதாரணத் திரையிலும் ஆடலாம். 256 சதுர கி.மீ. கற்பனைப் பள்ளத்தாக்கு. வேகன்களைப் பிரித்துக் கோத்து, ஊருக்கு ஊர் சரக்குக் கொண்டுபோவதுதான் வேலை. கேபினில் இருக்கும் ஒவ்வொரு லீவரையும் கையால் பிடித்து இழுக்கலாம். கீழே இறங்கி, கப்ளிங் கொக்கியை மாட்டி, பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸை இணைத்து, அதன் வால்வைத் திறந்துவிட்டு ஏறலாம். ஹெட்செட்டிலேயே தனியாக ஓடாது, விண்டோஸ் கணினி கட்டாயம் வேண்டும்.

கணினி கொஞ்சம் பழசு என்றால் ரோலிங் லைன். மேசை மேல் ஓடும் பொம்மை ரயில்களின் கேம். குனிந்து எட்டிப் பார்த்தால் குகைக்குள் ரயில் போவது தெரியும். படம் எளிமையானது, கிராஃபிக்ஸ் கார்டை வாட்டாது. வயிறு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கவும் இது தோது.

கணினியில் வரும் டிரெயின் சிம் வேர்ல்டு வரிசையில் வி.ஆர். கிடையாது. யு.இ.வி.ஆர். என்ற இலவச மோடு (கேமை மாற்றியமைக்கும் துணை மென்பொருள்) மூலம் ஓட்டலாம், அதைப் பற்றிக் கீழே. டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக், ஓப்பன் ரெயில்ஸ் இரண்டும் ஹெட்செட்டுக்குள் வெறும் பெரிய சினிமாத் திரையாகத்தான் தெரியும். அதற்கு மானிட்டரே மேல். அரைக் கிலோ எடையை நெற்றியில் சுமந்துகொண்டு தட்டையான படம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நம்மூர்த் தடத்தை இவற்றில் தேட வேண்டாம். டிரெயின் சிம் வேர்ல்டில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்காதான் அதிகம். மலேசிய ரயில்வேயான கே.டி.எம். ஓடுவது 1,000 மி.மீ. அகலப் பாதையில். கேமில் வருவது பெரும்பாலும் 1,435 மி.மீ. அதன் புறநகர் ரயிலான கோமுட்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எஞ்சினும் தண்டவாளமும் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிவது அளவுக் கோளாறு அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூர் நகர ரயிலான கிளானா ஜெயா எல்.ஆர்.டி.தான் சரி. அதுவும் 1,435 தான், டிரைவர் இல்லாததால் முன் கண்ணாடிக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். மணிக்கு 80 கி.மீ. எப்படி இருக்கும், காலடியில் தடம் எப்படிக் கலங்கி ஓடுகிறது, தூரத்தில் எப்படி மெதுவாக வருகிறது என்று ஒருமுறை கவனித்துவிட்டு வந்தால், கேமில் அளவு சரியாக இருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும்.

கையும் லீவரும்

டீரெயில் வேலியில் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது லீவரைப் பிடித்துக்கொண்டே இருப்பதில். குவெஸ்ட் கன்ட்ரோலரில் நடுவிரல் பொத்தானை அழுத்தினால் பிடி, விட்டால் விடுதலை. நிஜ லீவரில் கை ஓய்வாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அந்த இரும்பு கையைத் தாங்குகிறது. இங்கே காற்று. பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தால் தோள் திரும்பும், தோளோடு மணிக்கட்டு இரண்டு செ.மீ. நகரும், வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் ஒரு நாட்ச் (படி) ஏறிவிடும். பார்த்துக்கொண்டிருப்பது பின்னால் வரும் வேகன்களை, அதனால் தெரியவும் தெரியாது. பிடி, நகர்த்து, அதிர்வு வந்ததும் விட்டுவிடு. இந்த மூன்றையும் ஒரே அசைவாகப் பழக்கிக்கொள்ள வேண்டும். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதி குறையும்.

டிஇ2 என்ற சின்ன ஷன்டரில் தொடங்குபவர்கள் மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதிக பாரத்தோடு ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தால் டிராக்‌ஷன் மோட்டாரில் ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும், மோட்டார் சுடும், கடைசியில் பழுதாகி நிற்கும். மானிட்டரில் இந்த மீட்டர் திரை மூலையில் ஒரு சின்ன வட்டம். ஹெட்செட்டில் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினால் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. பக்கத்தில் லாபம் என்று சொன்னது இதைத்தான். கப்ளிங்கும் அப்படியே: ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வேகன் முனையில் இருக்கும் பஃபர் நெருங்குவதை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே நடை வேகத்தில் போய் முட்டலாம். மானிட்டரில் ஆடும்போது வெளிக் கேமராவுக்குத் தாவாமல் இதைச் செய்வது குதிரைக்கொம்பு.

நீராவி எஞ்சினுக்குப் போனால் மண்வெட்டியை எடுத்துக் கரி வாரிப் போட வேண்டும், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து, பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டும், மட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் பாய்லர் வெடிக்கும். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தாத்தா ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்த குடும்பங்கள் உண்டு. கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்து கரி வாரினால், அந்த மனிதர் வேலை முடிந்து வந்து ஏன் ஒரு வார்த்தையும் பேச மாட்டார் என்பது விளங்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சீலிங் காத்தாடி. மேலே இருக்கும் கயிற்றையோ கைப்பிடியையோ எட்டிப் பிடிக்கக் கையை விசுக்கென்று தூக்கினால், கொண்டோ வீட்டுத் தாழ்ந்த கூரையில் சுற்றும் காத்தாடி இறக்கையில் கன்ட்ரோலர் படும். ஹெட்செட் வரைந்துகொள்ளும் எல்லைக் கோடு தரையைச் சுற்றித்தான், தலைக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. சீலிங் காத்தாடியை நிறுத்திவிட்டு, தரையில் வைக்கும் ஸ்டாண்டு காத்தாடியை முகத்துக்கு நேராக வையுங்கள். சக்கரம் வைத்த நாற்காலியும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கச் சாய்ந்தால் அது பின்னால் நழுவும்.

யு.இ.வி.ஆரில் டிரெயின் சிம் வேர்ல்டு

அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களை வி.ஆராக மாற்றும் பொது மோடு இது. பிரேடாக் என்ற புனைபெயரில் எழுதுபவர் செய்தது. நிறுவுவதைவிட அதற்கு முன்னால் அணைக்க வேண்டியவைதான் அதிகம். விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் வன்பொருள் வழி ஜி.பி.யு. ஷெட்யூலிங்கை அணையுங்கள், ஹெச்.டி.ஆரை அணையுங்கள், ரிவாட்யூனர் மாதிரி திரை மேல் எண் காட்டும் எந்த மென்பொருளும் ஓடக் கூடாது. இவற்றில் சில ஓடிக்கொண்டிருந்தால், மோடைக் கேமுக்குள் செலுத்திய (இன்ஜெக்ட் செய்த) நொடியில் கேம் மூடிக்கொள்ளலாம், காரணமும் சொல்லாது.

பிறகு வரிசை: ஹெட்செட்டைக் கணினியோடு இணைத்து ஸ்டீம் வி.ஆர். அல்லது ஓப்பன் எக்ஸ்.ஆர். என்ற வி.ஆர். மென்பொருளை ஓடவிடுங்கள். கேமைத் திறந்து மெனு வரும்வரை காத்திருங்கள். மோடின் இன்ஜெக்டர் நிரலில் கேமின் பெயரைத் தேர்ந்தெடுத்து இன்ஜெக்ட் அழுத்துங்கள். பட்டியலில் கேம் வரவே இல்லை என்றால் இன்ஜெக்டரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் இன்செர்ட் பொத்தான் அல்லது கேம்பேடின் இரண்டு குச்சிகளையும் ஒன்றாக அழுத்தினால் மோடின் மெனு வரும்.

அந்த மெனுவில் படம் வரையும் முறையை முதலில் நேட்டிவ் ஸ்டீரியோவில் வைத்துப் பாருங்கள், வேகம் அதில்தான் கிடைக்கும். நிழல் ஒரு கண்ணில் மட்டும் தெரிகிறது, ஹெட்லைட் வெளிச்சம் இரண்டு கண்ணிலும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது என்றால் சின்க்ரனைஸ்டு சீக்வென்ஷியலுக்கு மாற்றுங்கள். படம் சரியாகிவிடும், ஆனால் கார்டு மூச்சு வாங்கும். டி.ஏ.ஏ. என்ற ஓரம் மழுப்பும் முறையால் மின்கம்பங்களுக்குப் பின்னால் பேய் மாதிரி ஒரு நிழல் இழுத்துக்கொண்டு வரலாம், மெனுவில் அதற்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உலக அளவு. மோடு ஊகித்துப் போடும் அளவு சில நேரம் பிசகும், கேபின் பொம்மை வீடு மாதிரியோ மண்டபம் மாதிரியோ தெரியும். கண்ணுக்குச் சரியாகப் படும்வரை ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருப்பதைவிட அளந்துவிடலாம். கேமில் இறங்கி, நிற்கும் ரயில் இல்லாத தடத்தில், ஒரு தண்டவாளத்துக்கு நேர் மேலே தலையை வைத்து நில்லுங்கள். ஹெட்செட்டைத் தூக்கிக் கீழே தரையில் மாஸ்கிங் டேப் ஒன்று ஒட்டுங்கள். மறுபடி மாட்டி, குச்சியைத் தொடாமல், சொந்தக் காலால் பக்கவாட்டில் நடந்து அடுத்த தண்டவாளத்துக்கு மேலே தலை வரும் இடத்தில் இன்னொரு டேப். ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குச் சுமார் 1.5 மீட்டர் இருக்க வேண்டும். டேப்புகளுக்கு இடையே 1.2 மீட்டர்தான் என்றால் உலகம் சுருங்கியிருக்கிறது. ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மறுபடி அளந்துகொள்ளலாம். டீரெயில் வேலிக்கு இந்தப் பாடு தேவையில்லை.

ஓட்டுவதற்குக் கேம்பேடே போதும். கையால் லீவரைப் பிடிக்கும் வசதியை இந்த மோடு தானாகத் தராது. விசைப்பலகைதான் வேண்டும் என்பவர்கள் ஹாரன், கதவு, டெட்மேன் (டிரைவர் விழிப்போடு இருப்பதைக் காட்டுவது) பொத்தான்களின் மேல் சின்ன ரப்பர் புள்ளிகளை ஒட்டிக்கொள்ளுங்கள், இருட்டில் விரல் தானே தேடிப் போகும். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் திரைக் குறிப்பைக் கௌரவத்துக்காக அணைத்துவிட வேண்டாம். முக்கால் பிக்சல் கணக்கை மேலே பார்த்தோம்.

ஹெட்செட்

குவெஸ்ட் 3க்கு ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டு கண்ணும் சேர்ந்தால் 91 லட்சம், அதாவது 4கே திரையைவிடக் கூடுதல், 1080பி திரையைப் போல நாலு மடங்குக்கு மேல். லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட இதைவிடவும் பெரிதாக வரைந்து பிறகு சுருக்க வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு பற்றி லோ யாட் கணினிக் கடைகளில் யார் என்ன சொன்னாலும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கார்டின் நினைவகம் 8 ஜிபி என்றால் டெக்ஸ்சரை (பரப்புகளின் பட நுணுக்கத்தை) ஒரு படி இறக்க வேண்டிவரும், 12 ஜிபி இருந்தால் நிம்மதி. நினைவகம் வழிந்தால் சராசரி ஃபிரேம் எண் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகவே காட்டும், ஆனால் ஸ்டேஷன் நெருங்கும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி ஓடும்.

குவெஸ்ட் 3எஸ், பழைய குவெஸ்ட் 2 இரண்டுக்கும் 1832×1920. அதில் மீட்டர் எண்களைப் படிக்க இன்னும் குனிய வேண்டும். இவற்றில் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு ஏற்ப லென்ஸை வைக்க மூன்றே நிலை. குவெஸ்ட் 2இல் 58, 63, 68 மி.மீ. உங்களுக்கு 65.5 என்றால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். குவெஸ்ட் 3இல் 58 முதல் 71 வரை சக்கரத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும்போதே இந்த இடைவெளியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் செருகி வாங்கிவிடுவது உத்தமம், கண்ணாடி உரசி ஹெட்செட் லென்ஸில் கீறல் விழுந்தால் அதை எடுக்க வழியில்லை.

பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 ஹெட்செட்டைக் கணினியில் ஓட்டும் அடாப்டர் 2024 ஆகஸ்டில் வந்தது. ஒரு கண்ணுக்கு 2000×2040, ஓஎல்இடி. சுரங்கப்பாதைக்கும் இரவு ஓட்டத்துக்கும் இதன் கறுப்பை அடிக்க ஆளில்லை. எல்சிடி ஹெட்செட்டில் சுரங்கம் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். டிஸ்பிளேபோர்ட் 1.4 துளையும் கணினியில் புளூடூத்தும் வேண்டும். கணினியில் மாட்டும்போது ஹெச்.டி.ஆர்., கண் அசைவறிதல், ஹெட்செட் அதிர்வு மூன்றும் வேலை செய்யாது.

கைமாறி வரும் பழைய சாமான்களில் ஹெச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கிடைக்கும். 2160×2160, காகிதத்தில் எல்லாவற்றையும்விட மேல். ஆனால் விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதற்கான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியையே எடுத்துவிட்டது. விற்பவர் கணினியில் ஓடுகிறது என்பதால் உங்கள் கணினியில் ஓடும் என்று நம்பிக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

சரளைக்கல்லும் வைஃபையும்

குவெஸ்ட் வகை ஹெட்செட்டுகளுக்குக் கணினி படத்தை வீடியோவாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது, கேபிளில் போனாலும் காற்றில் போனாலும். வீடியோ சுருக்கத்துக்கு மிகவும் பிடிக்காத காட்சி எது என்று கேட்டால், பொடிப்பொடியான புள்ளிகள் வேகமாக நகரும் காட்சி. ரயில் கேமில் கீழ்ப்பாதி முழுக்கச் சரளைக்கல், இரண்டு பக்கமும் இலை. அதனால்தான் விமான சிமுலேட்டரில் பளிச்சென்று இருக்கும் அதே செட்டிங் இங்கே தண்டவாளத்தைச் சேறாக்குகிறது. ஹெச்.இ.வி.சி. அல்லது ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு 150 மெகாபிட் பிட்ரேட்டுக்குக் கீழே போகாமல் பாருங்கள். ஏவி1 வேண்டுமானால் நிவிடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை அல்லது அதற்கு மேல் கார்டு வேண்டும். பழைய கார்டு என்றால் ஹெச்.264இல் 300, 400 வரை ஏற்றலாம், தாமதம் கொஞ்சம் கூடும். ரயிலுக்கு அது உறைக்காது.

வீட்டு இன்டர்நெட் திட்டத்தை 500 மெகாபிட்டுக்கு உயர்த்துவதால் பயனில்லை. படம் வீட்டுக்கு வெளியே போவதே கிடையாது. பார்க்க வேண்டியது ரவுட்டர் இருக்கும் இடம். கொண்டோக்களில் ஃபைபர் வாசல் கதவுப் பக்கம் வந்து நிற்கும், கணினி கடைசி அறையில் இருக்கும், நடுவே இரண்டு கான்கிரீட் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டி வரும்போது நொந்துபோய்த்தான் வரும். விளையாடும் அறையிலேயே தனியாக ஒரு வைஃபை ரவுட்டர், கணினியிலிருந்து அதற்கு லேன் கேபிள், அந்த 5 கிகாஹெர்ட்ஸில் ஹெட்செட் மட்டும், இதுதான் ஏற்பாடு. மாட்டியதும் விண்டோஸில் லேன் வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்றிருந்தால் கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கலாம். சாதாரண இன்டர்நெட்டில் அது தெரியாது, 150 மெகாபிட் அனுப்பப் போகும்போதுதான் திக்கும்.

சேனல் 36 முதல் 48க்குள், அல்லது 149 முதல் 161க்குள் கையால் வைத்துவிடுங்கள். இடையில் இருக்கும் 52க்கு மேற்பட்டவை ராடாரோடு பகிர்ந்துகொள்பவை. ராடார் அலை தென்பட்டால் ரவுட்டர் சட்டப்படி அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், அதே மாதிரி இன்னொரு சேனலுக்குத் தாவினால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம், விமான நிலையத்தை ஒட்டிய வீடுகளில் ஆட்டோ சேனல் வைத்துவிட்டு "அப்பப்ப ஒரு நிமிஷம் கறுப்பாகிவிடுகிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கேபிள்காரர்களுக்குச் சுருக்கமாக: யு.எஸ்.பி. 3, ஐந்து மீட்டர். மெட்டாவின் கணினிச் செயலியில் கேபிள் சோதனை இருக்கிறது. 2 ஜிகாபிட்டுக்கு மேல் காட்டினால் சரி, 400 மெகாபிட்டை ஒட்டி நின்றால் அது யு.எஸ்.பி. 2 ஆக இறங்கிவிட்டது, பிளக்கைத் திருப்பி மாட்டுங்கள் அல்லது கணினியின் பின்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். சாதாரண துளை கொடுக்கும் மின்சாரம் ஹெட்செட் தின்பதைவிடக் குறைவு, அதனால் கேபிள் இருந்தும் பேட்டரி இறங்கும். கேபிள் இல்லாமல் குவெஸ்ட் 3 தாங்குவது இரண்டு மணி நேரம் சொச்சம். பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். (கோலாலம்பூர்) சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. அந்த நீளத்தில் ஒரு தடத்தை முழுதாக ஓட்ட நினைப்பவர்கள் 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றைப் பட்டையின் பின்பக்கம் கட்டிக்கொள்ளலாம். முன்பாரத்துக்கு அது எதிர்பாரமாகவும் நிற்கும், கன்னத்தில் அழுத்தம் குறையும்.

திசை மாறி ஓடும் ஸ்லீப்பர்

ஃபிரேம் எண்ணிக்கையில் 72ஐ உறுதியாகப் பிடிப்பது, 90க்குப் போய் விட்டு விட்டு வருவதைவிடப் பல மடங்கு மேல். 72 என்றால் ஒரு ஃபிரேம் வரைய 13.9 மில்லிவினாடி கிடைக்கும், 90 என்றால் 11.1 தான். நேரத்துக்குள் வரையவில்லை என்றால் மென்பொருள் பாதி ஃபிரேம்களைத் தானே ஊகித்து இட்டு நிரப்பும். தூரத்து மலைக்கும் வானத்துக்கும் அந்த ஊகம் அருமையாகப் பொருந்தும். பக்கத்தில் பாயும் மின்கம்பம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், பிளாட்பாரத் தூண் எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும்.

இதில் ரயிலுக்கே உரிய ஒரு வினோதம் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளை ஏறக்குறைய 60 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். 72 ஃபிரேமில் மணிக்கு 78 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஒரு ஃபிரேமுக்கு ரயில் 30 செ.மீ. நகர்கிறது, அதாவது சரியாகப் பாதி இடைவெளி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஸ்லீப்பரும் தனக்கு முன்னால் இருந்த இடத்தைவிட அடுத்ததன் இடத்துக்கு நெருக்கமாக வந்து விழும். கண்ணுக்குக் காலடியில் ஸ்லீப்பர்கள் திசை மாறி, ரயில் போகும் பக்கமாகவே ஓடுவதாகத் தோன்றும். 90 ஃபிரேமில் இது மணிக்கு 97 கி.மீ.யில் தொடங்கும். ஊகித்து நிரப்பும் முறையில் உண்மையில் வரைவது 36 ஃபிரேம்தான் என்றால் 39 கி.மீ.யிலேயே தொடங்கிவிடும், ஊகிக்கும் மென்பொருளும் அதே கண்கட்டில் ஏமாந்து தப்பான திசையில் படத்தை இழுக்கும். மானிட்டரில் மோஷன் பிளர் (அசைவதை மங்கலாக்கும் வசதி) இதை மூடி மறைக்கிறது, வி.ஆரில் அதை அணைத்துத்தான் ஆட வேண்டியிருக்கிறது. கார்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிழலையும் மரங்களையும் குறைத்து முழு ஃபிரேமைப் பிடியுங்கள், மணிக்கு 39 கி.மீ. வேகத்தில் வரும் தொல்லை 78க்குத் தள்ளிப்போகும். டீரெயில் வேலியில் நீளமான வண்டி கட்டும்போது ஃபிரேம் விழுந்தால் அது பெரும்பாலும் புராசஸரின் சுமை, ரெசல்யூஷனைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மேல்கம்பியும் தண்டவாள ஓரமும் மினுங்குவதற்கு ஸ்டீம் வி.ஆரில் ரெண்டர் ரெசல்யூஷனை (கணினி வரையும் படத்தின் அளவை) 120, 130 சதவீதத்துக்கு ஏற்றினால் மினுக்கம் அடங்கும். மீட்டர் எழுத்தும் தெளியும். சிக்னல் மட்டும் பக்கத்தில் வந்துவிடாது.

வயிறு

கார், விமானத்தைவிட ரயில் வயிற்றுக்கு நல்லது. முடுக்கம் குறைவு, கேபின் சட்டம் கண்ணுக்கு எப்போதும் நிலையாக நிற்கிறது. குமட்டல் வருவது மூன்று நான்கு இடங்களில்தான். கேமரா குலுக்கல், தலையாட்டம் என்று செட்டிங்கில் எது இருந்தாலும் அணையுங்கள். ஓடும் ரயிலை வெளிக் கேமராவில் பார்க்காதீர்கள். நடப்பதற்குத் தாவும் முறை, திரும்புவதற்கு 30 அல்லது 45 டிகிரி வெட்டுத் திருப்பம். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: நிற்கும் கடைசி நொடி. பிரேக்கை அப்படியே பிடித்தபடி நின்றால், வேகம் குறைந்துகொண்டே வந்தது சட்டென்று நின்றுபோகிறது. கண் ஒரு குலுக்கலை எதிர்பார்க்கிறது, உடம்புக்கு ஒன்றும் வரவில்லை, வயிறு அங்கேதான் புரள்கிறது. நிற்பதற்குச் சில மீட்டர் முன்னால் பிரேக்கை ஒரு படி தளர்த்துங்கள். நிஜ டிரைவரும் பயணிகளுக்காக அப்படித்தான் செய்கிறார்.

ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். லேசாகக் குமட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். அப்படித் தொடர்ந்தால் அடுத்த நாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும்.

ஏர்கோன், பூஞ்சை, இடி

ஏர்கோன் அறையில் கிடந்த ஹெட்செட்டை வியர்த்த முகத்தில் மாட்டினால் லென்ஸ் உடனே புகைபோல் மூடிக்கொள்ளும். குளிர்ந்த லென்ஸில் முகத்து ஈரம் படிகிறது. ஹெட்செட்டை ஆன் செய்து பத்து நிமிடம் வைத்துவிட்டால் அதன் சொந்தச் சூட்டிலேயே லென்ஸ் வெதுவெதுப்பாகும், பிறகு மாட்டுங்கள். ஆல்கஹால் துடைப்பான் லென்ஸ் பூச்சை அரிக்கும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

கூடவே வரும் ஸ்பாஞ்ச் நம் ஊர் வியர்வையில் சில மாதத்தில் நாறும். துடைக்கக்கூடிய சிலிக்கான் அல்லது தோல் மாதிரியான முகப்பு வாங்கிவிடுங்கள். விளையாடாத நாளில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை பாக்ஸில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள், அல்லது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். மேற்கு ஜன்னல் ஓரம் லென்ஸை மேலே பார்த்தபடி வைக்கக் கூடாது. சில நிமிட வெயிலை அந்த லென்ஸ் குவித்து உள்திரையில் புள்ளியாகச் சுட்டுவிடும், அதைப் பழுதுபார்க்க முடியாது.

சாயங்கால இடி மழைக்கு முன் கணினி, ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் இருந்தாலும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஓடும் லேன் கேபிளும் செம்புதான், அதையும் கையோடு உருவிவிடுங்கள்.